ஐம்படைத்தாலியும் எயிற்றுத்தாலியும்

(திருத்தொண்டர் புராணங் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு பாடம்)

பாடத்தின் நோக்கம்

"ஐம்படைத்தாலி என்பது யாது?" என வினாவினால், மேல்வகுப்பு மாணாக்கர் "குழந்தைகள் கழுத்தில் அணியும் ஓர் ஆபரணம்" என்று விடையெழுதி, அதற்குரிய புள்ளியையும் பெற்றுவிடுகின்றனர். அவருட் பலர் தாம் கைக்குழந்தையாயிருந்த காலத்து அவ்வணியையே தங் கழுத்திற் பூண்டிருந்தனர். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவின்போதோ அதனையடுத்தோ, பேரனாரும் பேர்த்தியாரும் அம்மானும் குழந்தைக்குப் பொன்னாற் செய்து அணிவிக்கும் "பஞ்சாயுதம்" என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் யாவரும் அறிந்த பொருள். பஞ்சம் என்பது ஐந்து. ஆயுதம் என்பது படை. ஆகவே பஞ்சாயுதமென வீட்டில் வழங்குவதும், ஐம்படையெனப் புத்தகத்திற் காண்பதும் ஒன்றே. இவ்வளவு அண்மையிற் கிடக்கும் பொருளை, அகராதியில் மட்டும் உள்ள பொருள்போலக் கற்பித்தல் நமது கற்பித்தலில் உள்ள ஒரு குறையாம். அக்குறையை நீக்குதற்கு ஏற்ற செய்திகள் சிலவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுவாம்.

பெயரும் உருவும்

ஐம்படையாவன சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்பன. இவை திருமாலுக்குரிய படைகள். சங்கு பாஞ்சசன்னியம் எனவும், சக்கரம் சுதரிசனம் எனவும், தண்டு கௌமோதகி எனவும், வாள் நாந்தகம் எனவும், வில் சார்ங்கம் எனவும் பெயர்பெறும். இவ்வைந்தன் உருவையும் பொற்கொல்லர் இருவகையாகச் செய்வர். மெல்லிய பொற்றகட்டை அச்சிலிட்டு ஒவ்வொரு படையையும் தனித்தனி உருவாக்கி, பற்றாசு வைத்து ஊதி வளையம் பொருத்தி, ஐந்தையும் ஒரு சங்கிலியிற் கோத்தல் ஒருவகை. ஒரே தகட்டில் ஐந்தனையும் சேரப் பொறித்துப் பதக்கம்போலத் தூக்குதல் மற்றொருவகை.

"தாலி" என்னுஞ் சொல்லை மாணாக்கர் மங்கலநாண் ஒன்றற்கே உரியதெனக் கொள்வர். பழைய செய்யுள்களில் அச்சொல் குழந்தையின் கழுத்தணிக்கும் வழங்கிற்று என்பதை அவர்க்கு முதற்கண் அறிவித்தல் வேண்டும். ஆண்குழந்தைக்குத் தாலி ஏது என்னும் ஐயம் அதனால் நீங்கும்.

"காப்பு" என்னுஞ் சொல்லையும் உடன் விளக்குதல் நன்று. கையிற் பூணும் வளையும் காப்பு. திருவிழாத் தொடக்கத்தில் ஆசாரியர் கையிற் கட்டும் நாணும் காப்பு. நூன்முகத்துப் பாடும் செய்யுளும் காப்பு. அணியும் நாணும் பாட்டும் ஒரே பெயர் பெற்றமைக்குக் காரணம், மூன்றும் காத்தற்பொருட்டு அமைந்தமையே. நம் முன்னோர் குழந்தைக்கு இட்ட அணிகளுள் அழகின்பொருட்டு மட்டும் இட்டவை சிலவே. காவலின்பொருட்டு இட்டவை பல.

பழைய நூல்களிற் காணுமாறு

புறநானூற்று எழுபத்தேழாம் பாட்டு இடைக்குன்றூர் கிழார் பாடியது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக்க இளமையிலே போர்க்கோலங் கொண்டு நின்றமையை அப்பாட்டு வியந்து கூறுகின்றது. அவனுக்கு இத்துணை வயதென்று புலவர் எண் கூறினாரல்லர். காலிற் கிண்கிணியைக் களைந்து வீரக்கழல் பூண்டமையையும், கழுத்திற் கிடந்த தாலியை இன்னும் களையாமையையும், பாலை விட்டு அன்றுதான் சோறுண்டமையையும் கூறினார். அத்தாலியை ஐம்படைத்தாலி என உரைகாரர் கொள்வர். கழுத்தையும் காலையும் நோக்கிய அளவிலே வயதை அறிந்துகொள்ளும் வழக்கம் அக்காலத்தார்க்கு இருந்தது என்பது இதனாற் பெறப்படும். இன்ன பருவத்து இன்ன அணியைப் பூணுதலும், இன்ன பருவத்து அதனைக் களைதலும் முறையாய் இருந்தன. மகளிர்க்கு மணத்தின் முன் சிலம்பு கழிக்கும் சடங்கு நிகழ்ந்தமை ஐங்குறுநூற்றால் அறியப்படும். பூணுதல் போலவே களைதலும் ஒரு சடங்காம்.

மணிமேகலை பௌத்த நூல். அதன்கண், காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் மழலை பேசும் ஒரு குழந்தையின் வாய்நீர் அதன் மார்பிற் கிடந்த ஐம்படையை நனைத்ததாகச் சாத்தனார் பாடுகின்றார். அக்குழந்தையைச் சிறுதேரின்மேல் விளையாட்டு யானையில் ஏற்றிவைத்து, ஆலின்கீழ் அமர்ந்த செல்வனுடைய மகனது விழாத் தொடங்கிற்றென்று சொல்லி மகளிர் மகிழ்ந்தனர் என்பதும் அவ்விடத்துக் காணப்படும். திருமாலின் படைகளை அணிந்த குழந்தை முருகப்பெருமான் விழாவை நடித்து விளையாடுகின்றது. அதனைப் பாடியவர் பௌத்தர். கம்பரும் இராமாயணத்து நாட்டுப்படலத்தில், கோசலநாட்டுக் குழந்தைகளின் மார்பில் ஐம்படைத்தாலி கிடந்தமையைக் கூறினர். ஆகவே இவ்வணி ஒரு சமயத்தார்க்கே உரியதாகாது தமிழ் வழங்கிய நாட்டிற் பொதுவாய் நின்றது.

சேக்கிழார் காட்டும் மூன்று குழந்தைகள்

இனி, சைவ ஆசிரியர்க்கு மிக வேண்டிய பகுதிக்கு வருவாம். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தில் மூன்று குழந்தைகளின் காப்பைப்பற்றிய செய்தி வருகின்றது. மூன்றிடத்தையும் ஒருங்கு வைத்துக் கற்பித்தாலன்றி அவற்றின் பயன் முற்றாது.

முதலாவது குழந்தை நம்பியாரூரர். திருநாவலூரிற் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகவாய்ப் பிறந்த அவர்க்குப் பெயரிட்டபின், ஐம்படையும் சதங்கையும் சாத்தி, நெற்றியில் மணிச்சுட்டி அணிந்து, அரையிற் பொன்னாண் பூட்டினர். அக்கோலத்தோடு தெருவில் அவர் சிறுதேர் உருட்டி விளையாடும்போதே நரசிங்கமுனையரையர் கண்டு, வேண்டிப் பெற்று, அரசிளங்குமரராய் வளர்த்தனர். இங்கே ஆசிரியர் ஒன்று கவனித்தல் வேண்டும். ஐம்படை அரண்மனையிற் கிடைத்த அணியன்று. அரசர் காணுமுன்னரே தந்தையார் மனையிற் சாத்தியது. அம்மனை ஆதிசைவ அந்தணர் மனை. சிவாலய பூசைக்குரிய மரபினர் தம் புதல்வர்க்கு ஐம்படை சாத்தினர் எனச் சேக்கிழார் தயங்காது கூறியமை பின்வரும் ஓர் ஆக்ஷேபத்துக்கு விடையாகும்.

இரண்டாவது குழந்தை திண்ணனார். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகனும் தத்தையும் முருகப்பெருமானை வழிபட்டுப் பெற்ற மகனார். அவர் தளர்நடை நீங்கி நடக்குங் காலத்து அணிந்தவற்றைச் சேக்கிழார் ஒவ்வொன்றாய் எண்ணிக் கூறுகின்றார். சிறுகுடுமியிற் புலிநகத்தாலாகிய சுட்டி, மார்பில் முள்ளம்பன்றியின் முள்ளை அரிந்து கோத்த நாணோடு கூடிய எயிற்றுத்தாலி, அரையிற் காப்புக் கலன்கள் கோத்த நாண், காலில் யானைமருப்பாற் செய்த தண்டை, காதிற் குதம்பை. எயிறு என்பது பல். இது வேடர் மரபின் தொன்மையான தாலி. குறுந்தொகையிலும் புலிப்பற்றாலி அணிந்த புதல்வன் ஒருவன் கூறப்படுகின்றான். ஆகவே சேக்கிழார் இதனைக் கற்பனையாற் படைத்தாரல்லர். மலைநாட்டு வழக்கை அறிந்தே பாடினர்.

இவ்விரண்டையும் மாணாக்கர் கரும்பலகையில் எதிரெதிராக எழுதிப் பார்ப்பாராக. நம்பியாரூரர்க்கு நெற்றியில் மணிச்சுட்டி. திண்ணனார்க்குப் புலிநகச் சுட்டி. அவர்க்கு மார்பிற் பொன்படை. இவர்க்கு விலங்கின் பல். அவர்க்கு அரையிற் பொன்னாண், இவர்க்கும் அரைஞாண். சுட்டிக்குச் சுட்டியும், தாலிக்குத் தாலியும், நாணுக்கு நாணும் ஒத்துநிற்கின்றன. பொருள் வேறு, முறை ஒன்று. நாவலூர்த் தாயும் உடுப்பூர்த் தாயும் தத்தங் கைக்கு எட்டிய பொருளைக்கொண்டு ஒரே கருத்தை நிறைவேற்றினர். பொன்னை உயர்த்தியும் பல்லைத் தாழ்த்தியும் சேக்கிழார் ஒரு சொல்லும் கூறினாரல்லர். எயிற்றுத்தாலி கிடந்த மார்புடையாரே பின்னர்க் காளத்தியப்பருக்குத் தங் கண்ணை இடந்து அப்பினர். மலைவாணர் அணிகளைக் கண்டு நகைக்கும் மாணாக்கன் ஒருவன் வகுப்பில் இருப்பின், அவனைத் திருத்துதற்கு இதனின் மிக்க பாடம் இல்லை.

மூன்றாவது குழந்தை திருஞானசம்பந்தர். சீகாழியிற் சிவபாதவிருதயர்க்கும் பகவதியார்க்கும் மகவாய்த் தோன்றிய அவர்க்கு அணிவித்த காப்பு எது? சிவபெருமான் திருவருளால் உலகம் பெறும் பேறாக வந்த பெரியவர்க்கு வேறு பல காப்புக்கள் மிகையென்று கருதி, அவற்றை விரும்பாராய், திருநெற்றியில் விபூதியை நிறைய இட்டனர் எனச் சேக்கிழார் அருளினர். பொன்னும் இல்லை, பல்லும் இல்லை, திருநீறே காப்பு.

ஒரே புராணத்தில் ஒரே ஆசிரியர் மூன்று குழந்தைகளையும் இவ்வாறு காட்டினமையால் நாம் கொள்ளத்தக்கது யாது? பொற்காப்புச் சாத்துதல் தவறன்று. பற்காப்புச் சாத்துதல் இழிவன்று. யாதும் சாத்தாது திருநீறு மாத்திரம் இடுதல் குறைவன்று. மூன்று குழந்தைகளையும் காத்தது சிவபெருமான் திருவருளே. அணி அவ்வருளை வேண்டிய தாய்தந்தையரின் அன்புக்கு அடையாளம்.

இம்முடிபு நமது வகுப்பறைக்கு மிக வேண்டியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பொன் விலை இந்நாட்டில் மிக ஏறிற்று. பேரக்குழந்தைக்குப் பஞ்சாயுதம் இடவில்லையேயென்று கடன்பட்டுச் செய்வாரும், செய்யமாட்டாது உள்ளம் வருந்துவாரும் நம்மிடையே உளர். அவர்தம் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கின்றனர். "உன் கழுத்தில் என்ன போட்டார்கள்?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி வினாவும் ஆசிரியர், ஒன்றும் இல்லாத பிள்ளையைச் சபை நடுவே நாணச் செய்தவராவர். முதலிற் சம்பந்தப்பிள்ளையார் கதையைக் கூறுக. பின்னரே ஏனையவற்றைக் கூறுக. திருநீற்றுக் காப்பு எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

ஆக்ஷேபங்களும் சமாதானங்களும்

திருமாலின் படைகளைச் சைவக் குழந்தைகள் அணிதல் தகுமோ என்பது ஓர் ஆக்ஷேபம். தகும். சைவசித்தாந்தத்தின்படி காத்தற்றொழில் திருமாலிடத்து நிகழ்வது சிவபெருமானது ஆணையாலேயாம். சக்கரமோ சிவபெருமானே திருமாலுக்கு ஈந்தது. ஆயிரந் தாமரைமலர்களால் அருச்சிக்கும்போது ஒருமலர் குறைய, தங் கண்ணையே மலராக இட்டு அவர் சக்கரம் பெற்ற வரலாறு திருவீழிமிழலைத் தலத்தோடு சார்த்தி ஓதப்படுவது. பிள்ளைத்தமிழிலும் காப்புப் பருவத்தில் முதலில் வேண்டப்படுபவர் திருமாலே. சைவத்துறவியாராகிய குமரகுருபர சுவாமிகள் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அம்முறைப்படியே தொடங்கினர். ஆதிசைவ மனையில் ஐம்படை சாத்தியமையை மேலே காட்டினாம். இவற்றால் அவ்வாக்ஷேபம் நீங்கும்.

இவையெல்லாம் பேய்க்கு அஞ்சுவார் கட்டும் தகடுகள் என்பது மற்றோர் ஆக்ஷேபம். யாம் பாதிரிமார் நிறுவிய பாடசாலையொன்றிற் கற்ற காலத்து இதனை வகுப்பிலேயே கேட்டோம். அக்கூற்றை உரைத்தவர்க்கு ஒரு செய்தியை நினைவூட்டினால் அமையும். நம்மவருட் கிறிஸ்துசமயம் புகுந்தோர் பலர் சமயத்தை விட்டும் தாலியை விட்டிலர். தாலியிலுள்ள உருவை நீக்கிச் சிலுவையையும் புறாவையும் பொறித்து அணிந்தனர். போதகர்களும் அதனை ஆசீர்வதித்து அளித்தனர். அவர் செய்தது குற்றமென்று யாம் கூறவில்லை. கழுத்திற் கிடக்கும் சிறு பொன் வெறுந் தகடன்று, உள்ளத்தின் உறுதிக்கு அடையாளம் என்பதை அவரும் உணர்ந்தனர் என்பதே யாம் கூறுவது. அதே பாடசாலையில், கண்டதை நாளும் அளவும் இட்டுக் குறித்து வைக்கும் பழக்கத்தையும் கற்றோம். அப்பழக்கத்தின் பயன் இப்பாடத்தின் இறுதியிற் புலப்படும்.

அயலாரிடத்து இவ்வணி

இலங்கையிற் சிங்கள மக்களிடத்தும் குழந்தைகளுக்குப் பஞ்சாயுதப் பதக்கம் அணிவிக்கும் வழக்கம் உண்டு. கண்டிநாட்டுக் கைத்தொழில்களை ஆராய்ந்து 1908 ஆம் ஆண்டில் மத்தியகாலச் சிங்களக் கலையைப்பற்றிப் பெருநூல் வெளியிட்டவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் 1877 ஆம் ஆண்டு பிறந்து 1947 ஆம் ஆண்டு மறைந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். பொற்கொல்லரையும் ஓவியரையும் நேரிற் கண்டு, அவர் தொழிற்சொற்களையும் செய்முறைகளையும் எழுதிவைத்தமை அவர் செய்த பேருபகாரம். அக்கைவினைஞரில் எவரும் இன்று இலர். அவர் கூறிய சொற்கள் அந்நூலில் உள. மணிமேகலையில் ஐம்படை வருதலையும், பௌத்தரிடத்துப் பஞ்சாயுதம் இன்றும் வழங்குதலையும் ஒருங்கு நோக்கும் மாணாக்கன், இத்தீவில் இருமொழியாரும் தங் குழந்தைகளை ஒரே அணியாற் காத்தனர் என்பதை அறிவான்.

செப்புத் திருமேனிகளும் அணிகளை அறிதற்கு ஏற்ற சான்றுகளாம். பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டவற்றுள் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவுருவம் மிகச் சிறந்தது. மணக்கோலத்து அணிகள் அதில் தெளிவாய் வார்க்கப்பட்டுள்ளன. திருநாவலூரில் ஐம்படை அணிந்த குழந்தை வளர்ந்து மணக்கோலங் கொண்டு நிற்கும் நிலையை மாணாக்கர் அங்கே காணலாம். கொழும்புக்குச் சுற்றுலாச் செல்லும் பாடசாலைகள் நூதனசாலையில் அத்திருமேனியின்முன் சிறிதுநேரம் நிற்பனவாக.

அழிவு

அணிகள் ஏனைப் பழம்பொருள்கள் போல்வனவல்ல. கல்லை உடைத்தாற் கல்லே கிடைக்கும். ஏட்டை எரித்தாற் சாம்பலே கிடைக்கும். பொன்னை உருக்கினாலோ பொன்னே கிடைக்கும். அதனால் அழித்தார்க்கு அழித்தோமென்னும் எண்ணமே தோன்றுவதில்லை. பேர்த்தியார் அட்டியல் மகளின் சங்கிலியாகும். மகளின் சங்கிலி பேரப்பிள்ளையின் வளையலாகும். நிறையில் ஒரு குன்றியும் குறைந்திராது. உருவில் நூறாண்டு மறைந்திருக்கும்.

உருக்குதலை முற்றும் விலக்குக என்று யாம் கூறமாட்டோம். நமது விவாகக் கிரியைகளுள் பொன்னுருக்கு ஒரு மங்கல வினை; தாலிப்பொன்னை நன்முகூர்த்தத்தில் உருக்குதலே மணத்தின் தொடக்கம். மேலும், வீட்டுப் பொன் ஆபத்திற்கு உதவவே வைக்கப்படுவது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலைத் துறந்து இரவோடிரவாக வெளியேறினர். அன்று பலர் கைக்கொண்டு போகத்தக்கதாய் இருந்தது கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்னே. பின்னர் அதுவே விற்றும் ஈடுவைத்தும் உணவாயிற்று, மருந்தாயிற்று. 2009 ஆம் ஆண்டில் வன்னியில் அவ்வளவுதானும் இழந்தார் பலர். தன் பிள்ளையின் பஞ்சாயுதத்தை விற்று அப்பிள்ளைக்கே பால்மா வாங்கிய தாய் குற்றம் செய்தவளல்லள். அவ்வணி காத்தற்பொருட்டு இட்டது, அது காத்தது.

ஆயினும், விற்றபின் அதன் உருவையும் பெயரையும் வரலாற்றையும் அறிவார் இல்லாமற் போதல் வேறொரு நட்டம். அந்நட்டத்தைத் தடுத்தல் ஆசிரியராற் கூடும்.

பொன் போயிற்று, எழுத்து நின்றது

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராச சோழன் 985 ஆம் ஆண்டு முதல் 1014 ஆம் ஆண்டு வரை ஆண்டவன். அவனும் அவன் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும் அக்கோயிலுக்கு அளித்த திருவாபரணங்கள் அளவிறந்தன. அவற்றை அவர்கள் கருவூலத்தில் வைத்ததோடு அமையாது, கோயிற் கல்லில் எழுதுவித்தனர். பொன்னை "ஆடவல்லான்" என்னும் நிறைகல்லாலும், இரத்தினங்களைத் "தக்ஷிணமேருவிடங்கன்" என்னும் நிறைகல்லாலும் நிறுத்தமை அங்கே எழுதப்பட்டுள்ளது. சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி நிறுத்த நிறை இவ்வளவென்று கணக்குத் தவறாது குறித்தனர். முத்துக்களையும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனவும், குளிர்ந்த நீர, சிவந்த நீர எனவும் இனம்பிரித்து எண்ணி எழுதினர்.

அவ்வணிகள் இன்று அக்கோயிலில் இல்லை. ஏகவல்லி இல்லை, பட்டைக்காறை இல்லை, திருப்பட்டிகை இல்லை. ஆயின் ஆயிரம் ஆண்டு கழிந்தபின்னும், எந்த அணியில் எத்தனை முத்து இருந்தது, அம்முத்து எத்தன்மையது என்பதை நாம் ஓதி அறிகின்றோம். பேரரசன் பொன் போயிற்று. கணக்கன் எழுத்து நின்றது. ஓர் ஏழை வீட்டுப் பஞ்சாயுதத்துக்கும் இவ்வழி உண்டு. அதற்குக் கல்லும் உளியும் வேண்டா. ஒரு பயிற்சிப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும்.

குறிப்பெடுக்கும் முறை

ஆசிரியர் எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கரைக்கொண்டு இவ்வேலையைச் செய்விக்கலாம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ முதியவர் ஒருவரை அணுகி, ஓர் அணியைப்பற்றிப் பின்வருவனவற்றைக் கேட்டு எழுதுவாராக.

1. அணியின் பெயர் யாது? முதியோர் கூறும் பெயரை அவர் கூறியவாறே எழுதுக. புத்தகப் பெயராக மாற்றற்க.

2. பொன்னோ, வெள்ளியோ, செம்போ, வேறு பொருளோ? நிறை தெரியின் எத்தனை பவுண்?

3. யார் யாருக்கு, எந்தச் சடங்கில் அளித்தது? எப்பருவம்வரை அணிவர்? எப்பொழுது களைவர்?

4. அதிற் பொறித்த உருவம் யாது? அதற்கு முதியோர் கூறும் பொருள் யாது?

5. எவ்வூரிற் செய்வித்தது? பொற்கொல்லர் வழங்கிய தொழிற்சொற்களுள் நினைவிலுள்ளவை எவை?

6. அணி இப்பொழுது இல்லையாயின், நினைவைக்கொண்டு உருவை வரைந்து காட்டுவாரோ?

ஆறாவது வினாவே இவற்றுட் சிறந்தது. இருக்கும் அணியைக் காட்டிலும் இல்லாத அணிக்கே குறிப்பு மிக வேண்டும். விற்ற கதையை முதியோர் கண்ணீரோடு கூறின், மாணாக்கர் இடைமறியாது கேட்டல் வேண்டுமென முன்னரே அறிவுறுத்துக. கூற விரும்பாதாரை வற்புறுத்தலாகாது.

பதக்கத்தின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலை மெல்ல உரைத்தால் உருவம் காகிதத்திற் பதியும். இஃது எளிதும் செலவற்றதுமாகிய முறை. அணிகளைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் செய்தல் ஒருகாலும் ஆகாது. இன்னார் வீட்டில் இன்ன அணி உண்டென்பது வெளியிற் பரவாவண்ணம், குறிப்பேட்டில் ஊர்ப்பெயரையும் ஆண்டையும் மாத்திரம் எழுதி, வீட்டுப்பெயரை விடுக. புலிநகம், புலிப்பல் முதலியன பழைய வீடுகளில் இருக்கக் காணின், அவற்றையும் குறித்துக்கொள்ளலாம். புதிதாய்த் தேட எவரையும் தூண்டலாகாது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், இலங்கையில் 1937 ஆம் ஆண்டு விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அவ்விலங்குகளைக் காக்கின்றன. குழந்தையைக் காத்தற்கு ஓருயிரைக் கொல்லுதல் இக்காலத்துக்கு அடுத்ததன்று. கொல்லாமையை ஓதும் சைவர்க்கோ எக்காலத்தும் அடாது.

மாணாக்கர்க்கு வினாக்கள்

1. ஐம்படை யாவை? அவற்றின் சிறப்புப் பெயர்களை எழுதுக.

2. நெடுஞ்செழியனது இளமையை இடைக்குன்றூர் கிழார் எவ்வாறு புலப்படுத்தினர்?

3. நம்பியாரூரர் அணிகளையும் திண்ணனார் அணிகளையும் ஒப்பிட்டு எழுதுக. ஒற்றுமை யாது? வேற்றுமை யாது?

4. சம்பந்தப்பிள்ளையார்க்கு வேறு காப்பு மிகையெனக் கருதியமை ஏன்?

5. ஒரு தாய் தன் பிள்ளையின் பஞ்சாயுதத்தை விற்று உணவு வாங்கினாள். அவள் காப்பை இழந்தாளோ? உன் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.

ஐந்தாவது வினாவுக்கு இதுவே விடையென ஆசிரியர் முன்னரே விதித்தல் வேண்டா. பிள்ளைகள் தாமே எண்ணி எழுதுவாராக. அவர் விடைகளிலே நம் நாட்டின் அண்மைக்கால வரலாறு கிடைப்பினும் கிடைக்கும்.

முடிவுரை

சைவபாடசாலை ஆசிரியர்காள்! திருத்தொண்டர் புராணத்தை நாம் திருக்கோயிலிற் படனஞ் செய்கின்றோம். வகுப்பிற் கதையாகச் சொல்லுகின்றோம். அதன்கண் ஓதப்பட்ட பொருள்கள் நம் வீட்டுப் பெட்டகத்திலும் நம் முதியோர் நினைவிலும் இன்றும் உள என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாயின், புராணம் பழங்கதையென்னும் எண்ணம் அவர்க்கு எழாது. ஒரு பாடசாலை ஓராண்டில் முப்பது குறிப்புக்களைத் தொகுத்தாலும் அது பெரும் பணியே. அத்தொகுப்பைத் தையலிட்டுப் பாடசாலை நூனிலையத்தில் வைப்பீராக. இவ்வாண்டு கேளாத முதியோரை அடுத்த ஆண்டு கேட்கக் கூடுமென்பது நிச்சயமன்று. ஆதலால் இத்தவணையிலேயே தொடங்குக.

திருச்சிற்றம்பலம்.